வராதவர் கணக்கு

2025 பிப்ரவரியில் ஒரு நாள் காலை. காபி குடித்துக்கொண்டிருந்தபோது லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கத்திலிருந்து அத்தான் போன் செய்தார். அங்கே முந்தின நாள் சாயங்காலம். குரலில் சூடு. "மாப்ளே, ஒம் மருமகன் செஞ்ச வேலையக் கேட்டியா? காலையிலேயே ஸ்கூலுக்குப் போகாம ஊர்வலத்துக்குப் போயிட்டான். ஒங்க பையன் இன்னைக்கு ஆப்சென்ட்டுன்னு ஸ்கூல்லருந்து மெஷின் போன் வருது. நான் கட்டுற வரியில நடக்குற ஸ்கூலு! வீட்டு வரி மட்டும் வருசத்துக்கு எவ்வளவு கட்டுறேன் தெரியுமா?" பின்னாலிருந்து அக்காவின் குரல்: "வரி கெடக்கட்டும். நாம விசாவுல இருக்கோம், அத மொதல்ல சொல்லுங்க."

அந்த நாட்களில் லாஸ் ஏஞ்சல்ஸ் மாணவர்கள், குடியேறிகளை நாடு கடத்துவதை எதிர்த்து வகுப்புகளை விட்டு வெளியேறி நகர மண்டபத்தை நோக்கிப் போனார்கள். மெக்சிகோக் குடும்பத்து நண்பர்களோடு என் மருமகனும் போயிருக்கிறான். அத்தானைச் சமாதானப்படுத்தி போனை வைத்த பிறகும் மூன்று சொற்கள் என்னை விடவில்லை: ஆப்சென்ட், வரி, விசா. இந்த மூன்றும் ஒன்றோடொன்று எப்படிக் கோத்துக் கிடக்கின்றன என்பதை எனக்கே விளக்கிக்கொள்ளத்தான் இதை எழுதுகிறேன்.

1

நம் பள்ளிக்கூடப் பேச்சில் இரண்டு சொற்கள் உண்டு. ஒன்று 'மட்டம்', மற்றது 'ஸ்ட்ரைக்'. மட்டம் போடுபவன் தனக்காகப் போகிறான். ஸ்ட்ரைக் அடிப்பவன் எல்லாருக்குமாகப் போகிறான். மாணவர்களுக்கு இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும். கலிபோர்னியாச் சட்டத்துக்கு நெடுங்காலம் தெரியாது. அங்கே 6 வயதிலிருந்து 18 வரை பள்ளிக்குப் போவது கட்டாயம். சரியான காரணமில்லாமல் ஒரு கல்வியாண்டில் மூன்று நாள் வராவிட்டால், அல்லது மூன்று தடவை அரைமணி நேரத்துக்கு மேல் வகுப்பில் இல்லாவிட்டால், அவன் மட்டம் போடுபவன் என்று பதிவாகும். காரணங்களின் பட்டியலில் நோய் உண்டு, சாவு உண்டு; அரசியல் நெடுங்காலம் இருக்கவில்லை.

கட்டாயக் கல்வியை வெறும் அடக்குமுறை என்று தள்ளிவிட முடியாது. 1852இல் மாசசூசெட்ஸ் முதல் சட்டம் போட்டது. கடைசியாக மிசிசிப்பி 1918இல் போட்டது. ஆலையிலிருந்தும் வயல்காட்டிலிருந்தும் குழந்தையை மீட்டதில் இந்தச் சட்டங்களுக்குப் பங்குண்டு. ஆனால் மீட்ட கைதான் அவளைப் பெஞ்சில் பிடித்து உட்கார வைக்கவும் செய்தது. பள்ளியைக் கருத்தியல் அரசு எந்திரம் என்றார் அல்தூசர். கலிபோர்னியாவில் கருத்தியலுக்கு முன்னாலேயே இன்னொன்று நடந்துவிடுகிறது. அங்கே மாநிலம் பள்ளி மாவட்டத்துக்குத் தரும் பணம், எத்தனை பேர் சேர்ந்திருக்கிறார்கள் என்பதை வைத்து அல்ல, சராசரியாகத் தினம் எத்தனை பேர் வந்தார்கள் என்பதை வைத்தே கணக்கிடப்படுகிறது. குழந்தை முதல் பாடத்தைக் கேட்பதற்கு முன்னாலேயே அவளுடைய உடம்பு பணமாக மாறிவிடுகிறது. ஆஜர் என்றால் வரவு. ஆப்சென்ட் என்றால் நஷ்டம்.

2

இதை அறிஞர்களுக்கு முன்னால் மாணவர்களே கண்டுபிடித்தார்கள். 1968 மார்ச்சில் கிழக்கு லாஸ் ஏஞ்சல்ஸின் கார்ஃபீல்ட், ரூஸ்வெல்ட், லிங்கன், வில்சன், பெல்மான்ட் பள்ளிகளிலிருந்து மெக்சிகோ வம்சாவளி மாணவர்கள் ஆயிரக்கணக்கில் வெளியேறினார்கள். அந்தப் பள்ளிகளில் ஸ்பானிஷ் பேசினால் தண்டனை. மதிய இடைவேளையில் கழிப்பறைகளுக்குப் பூட்டு. கல்லூரிக் கனவோடு வந்தவனைப் பட்டறைப் பயிற்சிக்குத் திருப்பிவிடும் ஆலோசகர்கள். மாணவர்கள் கேட்டவை பெரிய புரட்சி ஒன்றும் இல்லை: தங்கள் வரலாறு பாடத்தில் இருக்க வேண்டும், இருமொழிக் கல்வி வேண்டும், தங்களை மதிக்கிற ஆசிரியர்கள் வேண்டும்.

வெளியேறுவதற்கு அவர்கள் தேர்ந்துகொண்ட நேரம்தான் முக்கியம். காலையில் வருகை எடுப்பதற்கு முன்பே வெளியேறினால் பள்ளிக்கு அன்றைய பணம் வராது என்று கணக்குப் போட்டார்கள். மாணவனுக்கு ஓட்டு இல்லை, சம்பளம் இல்லை, சங்கம் இல்லை. தொழிலாளி உழைப்பை நிறுத்துவான். மாணவன் நிறுத்த எதை வைத்திருக்கிறான்? தன் வருகையைத்தான்.

அப்போது வாரியம் கவலையோடு எண்ணியது அந்த நாட்களின் ஆப்சென்ட்டை. கார்ஃபீல்டில் சேர்ந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் படிப்பை முடிக்காமலே உதிர்ந்துபோனார்கள் என்பது அந்தக் காலத்துக் கணக்கு. வருஷக்கணக்காக, சத்தமில்லாமல், ஒவ்வொருவராக நடந்த அந்த வெளியேற்றத்தை யாரும் ஸ்ட்ரைக் என்று சொல்லவில்லை. யார்மேலும் வழக்குப் போடவில்லை. எல்லாரும் ஒரே நாளில், ஒரே வாசல் வழியாக வெளியேறியபோது மட்டும் போலீஸ் தடியோடு வந்தது. பதின்மூன்று பேர்மேல் சதி வழக்கு. அவர்களில் ஒருவர் லிங்கன் பள்ளி ஆசிரியர் சால் காஸ்ட்ரோ. வகுப்பறையிலிருந்து அவரை நீக்கினார்கள். மாணவர்களும் பெற்றோர்களும் கல்வி வாரிய அலுவலகத்துக்குள்ளேயே இரவும் பகலுமாக உட்கார்ந்து அவருக்கு வேலையைத் திரும்ப வாங்கிக் கொடுத்தார்கள். சதிக் குற்றச்சாட்டை 1970இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. 2010இல் அவர் பெயரையே ஒரு நடுநிலைப் பள்ளிக்கு வைத்தார்கள்.

கோரிக்கைகளுக்கு வாரியம் சொன்ன பதில் என்ன? பெரும்பாலானவை நியாயம்தான், ஆனால் பணம் இல்லை. இங்கேதான் அத்தானின் 'வரி' உள்ளே வருகிறது.

3

'வரி கட்டுபவன்' என்று சொல்லும்போது ஒரு உருவம் மனதில் வருகிறது: சொந்த வீடு, நல்ல வேலை, கொஞ்சம் எரிச்சல். ஏழை அந்த உருவத்தில் இல்லை. ஆனால் உண்மை வேறு. அதே 1968இல் ஜான் செரானோ என்ற மெக்சிகோ வம்சாவளித் தகப்பனாரும் வேறு சில பெற்றோர்களும் ஒரு வழக்குத் தொடுத்தார்கள். அதில் வெளிவந்த கணக்கு இது: 1968-69இல் பணக்கார பெவர்லி ஹில்ஸ் ஒரு மாணவருக்குச் செலவிட்டது ஏறத்தாழ 1,232 டாலர், ஏழை பால்ட்வின் பார்க் 577 டாலர். ஆனால் சொத்து மதிப்பில் 100 டாலருக்குப் பால்ட்வின் பார்க் மக்கள் கட்டிய பள்ளி வரி 5.48 டாலர், பெவர்லி ஹில்ஸ் மக்கள் கட்டியது 2.38 டாலர். இரண்டு பங்குக்கு மேல் வரி விகிதம், பாதிக்கும் குறைவான பள்ளிக்கூடம். குறை சொல்ல உரிமையுள்ள வரி கட்டுபவர் என்று ஒருவர் உண்டென்றால், அது பால்ட்வின் பார்க்காரர்தான். 1971இல் மாநில உச்ச நீதிமன்றம் செரானோ பக்கம் நின்றது.

பிறகு 1978 ஜூனில் வீட்டுக்காரர்களின் கலகம் வந்தது. 'முன்மொழிவு 13'. 100க்கு ஏறத்தாழ 65 பேர் ஆதரித்தார்கள். சொத்து வரி மதிப்பில் ஒரு சதவீதம்தான். அந்த மதிப்பையும் 1975ஆம் ஆண்டு நிலைக்குக் கொண்டுபோய், வீடு கைமாறும்வரை வருஷத்துக்கு இரண்டு சதவீதத்துக்கு மேல் ஏற்றக் கூடாது என்றார்கள். உள்ளூர் வரி சுருங்கியது. பள்ளிகள் மாநிலத்தின் கையை எதிர்பார்க்க வேண்டியதாயிற்று. மாநிலம் தலையை எண்ணிக் கொடுக்கிறது. ஆக, ஆப்சென்ட்டின் விலையை இவ்வளவு ஏற்றிவிட்டதில் வரி கட்டுபவர்களின் கோபத்துக்கே பெரிய பங்குண்டு.

அத்தான் முன்பு ஒருமுறை புலம்பியது நினைவுக்கு வருகிறது. பக்கத்து வீட்டுக் கிழவர் எழுபதுகளில் வாங்கியவர். அதே அளவு வீடு, அதே மாதிரித் தோட்டம். அவர் கட்டுவதைப்போலப் பல மடங்கு அத்தான் கட்டுகிறார், பின்னால் வந்தவர் என்பதால். இந்த ஏற்பாடு செல்லும் என்று 1992இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அத்தானின் வயிற்றெரிச்சல் பொய்யில்லை. ஆனால் கோபம் கிழவர்மேலும் போகவில்லை, சட்டத்தின்மேலும் போகவில்லை. தெருவில் நடந்த பதினாறு வயதுப் பையன்மேல் போகிறது. விசாவில் இருக்கும் அத்தானுக்கும் ஓட்டு இல்லை. வரி மட்டும் உண்டு. அந்த மாணவர்களின் பெற்றோர்களில் ஆவணமில்லாதவர்களுக்கும் அப்படித்தான். வாடகைக்குள் ஒளிந்து அவர்களுடைய சொத்து வரியும் போய்க்கொண்டிருக்கிறது. தன் கூட்டாளிகளை அத்தான் அடையாளம் காணவில்லை.

4

1994 நவம்பரில், ஆவணமில்லாத குழந்தைகளைப் பொதுப் பள்ளிகளிலிருந்தே வெளியேற்றும் 'முன்மொழிவு 187' வாக்கெடுப்புக்கு வந்தது. அதை எதிர்த்து மாணவர்கள் வெளியேறினார்கள். பள்ளிக்கு வராததற்காக அவர்களைத் திட்டியவர்களில் எத்தனை பேர், அந்தக் குழந்தைகள் இனி பள்ளிக்கு வரவே கூடாது என்று ஓட்டுப் போட்டிருப்பார்கள்! 59 சதவீத ஆதரவோடு அது நிறைவேறியது. பிறகு நீதிமன்றத்தில் முடங்கியது. மறுவருஷமே லாஸ் ஏஞ்சல்ஸ் நகரம் பகல்நேர ஊரடங்குச் சட்டம் கொண்டுவந்தது. பள்ளி நேரத்தில் தெருவில் நிற்கும் மாணவனுக்கு 250 டாலர் அபராதம். தாமதமாகப் பள்ளிக்கு ஓடிக்கொண்டிருந்தவர்களும் டிக்கெட் வாங்கினார்கள். 2012இல்தான் அதைத் தளர்த்தினார்கள். இதற்கிடையில் 2006 மார்ச்சில், ஆவணமில்லாமல் வாழ்வதையே கிரிமினல் குற்றமாக்கும் மசோதாவை எதிர்த்துப் பல்லாயிரம் மாணவர்கள் மறுபடி நடந்தார்கள்.

வியட்நாம் போரை எதிர்த்துக் கறுப்புப் பட்டை கட்டி வகுப்பில் உட்கார மாணவருக்கு உரிமை உண்டு என்று 1969இல் டிங்கர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது உண்மைதான். ஆனால் உட்கார்ந்திருக்கும்வரைதான் அந்த உரிமை. எழுந்து வெளியே போனால் மட்டம்.

2022இல் கலிபோர்னியா ஒரு திருத்தம் செய்தது. நடுநிலை, உயர்நிலை மாணவர்கள் அரசியல் நிகழ்வுக்காக வருஷத்துக்கு ஒரு நாள் வராமலிருக்கலாம். முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். ஸ்ட்ரைக் கடைசியில் லீவ் லெட்டர் ஆகிவிட்டது என்று சிரிக்கலாம். நான் முழுசாகச் சிரிக்க மாட்டேன். மட்டத்துக்கும் ஸ்ட்ரைக்குக்கும் வித்தியாசம் உண்டு என்று சட்டம் முதன்முதலாக ஒப்புக்கொண்டிருக்கிறது. ஆனால் பணக்கணக்கு ஒப்புக்கொள்ளவில்லை. காரணம் சரியோ தப்போ, வராத நாளுக்கு மாநிலப் பணம் கிடையாது.

நஷ்டம் யாருக்கு? மெக்சிகோப் பிள்ளைகள் நிறைந்த ஏழைப் பள்ளிக்கே. இந்த முரணை மறைத்துவிட்டுப் போராட்டத்தைப் புகழ்வது நேர்மையாகாது. பெரும்பாலான மாநிலங்கள் செய்வதுபோலச் சேர்க்கையை வைத்துப் பணம் கொடுத்தால் ஏழைப் பள்ளி தப்பும். அப்போது மாணவன் கையிலிருந்த ஒரே ஆயுதமும் மழுங்கும். மழுங்கட்டும் என்றுதான் நான் நினைக்கிறேன். வகுப்பைக் காலி செய்தால்தான் காது கேட்கும் என்ற நிலை மாணவனுக்குப் பெருமை அல்ல, பள்ளிக்கு அவமானம். ஆனால் அதற்குப் பதிலாக அவன் குரலுக்கு ஒரு இடம் தராமல் ஆயுதத்தை மட்டும் பிடுங்குவதை என்னால் ஏற்க முடியாது.

5

இரண்டு நாள் கழித்து மருமகனிடம் பேசினேன். "ஸ்கூல்ல என்னடா சொன்னாங்க?" என்றேன்.

"ஒண்ணும் சொல்லல மாமா. அம்மா ஆபீசுக்குப் போன் பண்ணி எனக்குக் காய்ச்சல்னு சொல்லிட்டாங்க."

அக்காவைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. முன்கூட்டியே எழுதிக் கொடுத்திருந்தால் அந்த ஒரு நாள் சட்டப்படி அவனுக்குக் கிடைத்திருக்கும். ஆனால் 'அரசியல்' என்று ஒரு பள்ளிப் பதிவேட்டில் மகன் பெயருக்கு நேராக எழுதவைக்க, விசாவில் இருக்கும் ஒரு தாய்க்கு எப்படித் துணிச்சல் வரும்? நாங்களும் ஊர்ப் பள்ளியில் ஸ்ட்ரைக் அன்று போய்விட்டு மறுநாள் 'கடும் காய்ச்சல் காரணமாக' என்று எழுதியவர்கள்தான்.

"ஆனா மாமா," என்றான், "அன்னைக்கு என் கிளாஸ்ல பாதிப் பேர் வரல. எல்லாருக்குமா காய்ச்சல்?"