மூன்று மணி நேரம் ஓடட்டும்

சென்னையில் குழந்தையை ஓடவிட இடம் கேட்டால் எல்லாரும் மெரினாவைக் கைகாட்டுவார்கள். அந்த மணலில் ஒரு பகுதி இங்கே வடசென்னையில் ராயபுரத்துக்கும் காசிமேட்டுக்கும் வந்து சேர்ந்திருக்க வேண்டியது. இந்தக் கரையில் மணல் பெரும்பாலும் தெற்கிலிருந்து வடக்கே நகரும். 1870களில் துறைமுகச் சுவரைக் கடலுக்குள் கட்டத் தொடங்கியதும் அது தடைபட்டது. தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகன்றது; வடக்கே கடல் கரையைத் தின்றது. பாறாங்கல் கொட்டியும் தூண்டில் வளைவு போட்டும்தான் மிச்சத்தைக் காப்பாற்றியிருக்கிறார்கள். கடலோரத்திலேயே பிறந்தும் இங்கே பல பிள்ளைகளுக்குக் கால் புதைய ஓட மணல் இல்லை. கல்மேல் ஏறினால் அலை, ரோட்டுக்கு வந்தால் கன்டெய்னர் லாரி.

“பார்க்குக்குக் கூட்டிப் போங்கள்” என்பது சொல்ல எளிது. ராயபுரத்தில் அறிஞர் அண்ணா பூங்கா இருக்கிறது. 1949இல் திமுக தொடக்க விழாக் கூட்டம் நடந்த ராபின்சன் பூங்காதான் அது. பக்கத்தில் குடியிருப்பவருக்குச் சரி. தள்ளி எர்ணாவூரில் இருக்கும் அம்மா வேலை முடித்து வந்து, பிள்ளையைத் தினமும் அங்கே அழைத்துப் போக முடியுமா? ஆகவே வீடு, வாசல், சந்து, மொட்டை மாடி இவற்றை வைத்துத்தான் யோசிக்க வேண்டும்.

முதலில், எவ்வளவு அசைவு தேவை? உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஐந்து வயதுக்கு உட்பட்டவர்களுக்கென்றே ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. ஒரு வயது முதல் நான்கு வயது வரையுள்ள பிள்ளைக்கு ஒரு நாளில் குறைந்தது மூன்று மணி நேரம் உடல் அசைய வேண்டும். மூன்று, நான்கு வயதில் அதில் ஒரு மணி நேரமாவது மூச்சு வாங்கும்படியான ஆட்டமாக இருக்க வேண்டும். இன்னும் தவழாத கைக்குழந்தையை விழித்திருக்கும்போது அரை மணி நேரமாவது, சிறிது சிறிதாக, குப்புறப் படுக்கவிட வேண்டும்.

மூன்று மணி நேரமா என்று மலைக்க வேண்டாம், ஒரே மூச்சில் இல்லை. அங்கன்வாடிக்கு இடுப்பில் தூக்காமல் நடத்திக் கூட்டிப் போவது கணக்கில் வரும். மாடியில் துணி காயப்போடும்போது கிளிப் எடுத்துக் கொடுப்பதும், தண்ணி லாரி வந்ததும் சின்னக் குடத்தோடு பின்னாலேயே ஓடிவருவதும் வரும்.

மூச்சு வாங்கும் அந்த ஒரு மணி நேரத்துக்குக் கல்லா மண்ணாவை மிஞ்ச ஆட்டம் இல்லை. வாசற்படியும் திட்டும் கல், சந்து மண். பிடிப்பவன் மண்ணைக் காவல் காக்க, மற்றவர்கள் குதித்து அவனைச் சீண்டிவிட்டுத் திரும்பக் கல்லில் ஏறுவார்கள். ஒரு ஆட்டத்தில் எத்தனை முறை ஏறி இறங்குகிறார்கள் பாருங்கள். தொடைக்கு வலு, உடம்புக்குச் சமநிலை, சட்டென்று நிற்கும் பழக்கம் எல்லாம் அதிலேயே வந்துவிடும். ஆறடிச் சந்து போதும். தரையில் கட்டம் போட்டு நொண்டி ஆட நான்கு வயது ஆக வேண்டும். மூன்று வயதுக்காரர் கட்டத்தில் இரண்டு காலாலும் குதித்தால் தப்பில்லை, ‘அவுட்’ சொல்லாதீர்கள்.

நடக்கப் பழகும் குழந்தைக்கு சக்கரம் வைத்த பிளாஸ்டிக் வாக்கர் வாங்கித் தருவது இப்போது வழக்கமாகிவிட்டது. அதில் குழந்தை தன் எடையைத் தாங்குவதில்லை; உட்கார்ந்தபடி கால்விரல் நுனியால் தள்ளுகிறது. படியில் உருண்ட விபத்துகளைப் பார்த்துவிட்டு கனடா 2004இல் அதன் விற்பனையையே தடை செய்தது. நம் பழைய மர நடைவண்டியில் குழந்தை நின்று, பிடித்து, தானே தள்ள வேண்டும். இரண்டில் ஒன்று என்றால் நான் நடைவண்டியைத்தான் சொல்வேன்.

அடுத்தது காற்று. ஆலைகள் சூழ்ந்த இந்தப் பகுதியில் இதைப் பேசாமல் விளையாட்டைப் பேச முடியாது. உடல் எடையோடு ஒப்பிட்டால் பெரியவர்களைவிடக் குழந்தைகள் அதிகக் காற்றை இழுக்கிறார்கள். மார்கழி, தை விடியற்காலையில் காற்று அசையாமல் புகை தரையோடு தங்கும். அந்த மாதங்களில் வெயில் ஏறிய பிறகோ, கடற்காற்று வீசும் மாலையிலோ ஓடவிடுங்கள். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் ‘சமீர்’ செயலியில் அன்றன்றைய காற்றுத் தரக் குறியீடு தெரியும். 200ஐத் தாண்டினால் அன்று வீட்டுக்குள் பாட்டுப் போட்டு ஆடட்டும். 2023 டிசம்பர் 26 இரவு எண்ணூர் பக்கம் பெரியகுப்பத்தில் அமோனியா கசிந்தபோது மூச்சுத் திணறி வீட்டைவிட்டு ஓடிய ஊர் இது. வித்தியாசமான நெடி வந்தால் ஆட்டத்தை உடனே நிறுத்துங்கள். ஆனால் புகைக்குப் பயந்து ஆண்டு முழுக்கப் பிள்ளையைப் பூட்டி வைப்பது தீர்வாகாது. காற்றைச் சுத்தமாக வைப்பது ஆலைகளும் அரசும் செய்ய வேண்டிய வேலை.

சாப்பாட்டுக்கு இங்கே குறையில்லை. காசிமேட்டு நெத்திலிக் குழம்பும் அங்கன்வாடி முட்டையும் இருக்கும்போது அஞ்சு ரூபாய் பாக்கெட்டைத் தேடிப் போக வேண்டியதில்லை. ஊட்டும்போது போன் மட்டும் வேண்டாம். இரண்டு வயதுக்குள் திரையே கூடாது, அதன்பின் நாளுக்கு ஒரு மணி நேரத்துக்குள். மூன்று, நான்கு வயதில் பகல் தூக்கத்தையும் சேர்த்துப் பத்து முதல் பதின்மூன்று மணி நேரம் தூங்க வேண்டும். அப்பா ஷிப்ட் முடித்து வரும்வரை விழித்திருந்தால் அது நடக்காது.

சந்தில் குடியிருக்கும் மற்றவர்களுக்கு ஒன்று: சாயங்காலம் அஞ்சிலிருந்து ஆறரை வரை தெருமுனையிலேயே பைக்கை அணைத்துவிட்டு வீடு வரை தள்ளிக்கொண்டு வாருங்கள். பிள்ளைகள் பயமில்லாமல் ஓட அதுவே போதும்.