கடல் இல்லாத ஊரிலிருந்து கடல் தீவுகளுக்கு!
அந்தமானில் ஏழு நாள்: ஏற்பாடு செய்வது எப்படி?

பெரம்பலூர் மாவட்டத்துக்குக் கடற்கரை கிடையாது. அந்த மாவட்டத்தில் இருக்கிறது எறையூர். பெரம்பலூர் சர்க்கரை ஆலை இங்கேதான் ஓடுகிறது. 2023-ல் காலணித் தொழிற்பூங்கா ஒன்றும் வந்தது. கரும்பு வண்டியைத் தினம் பார்க்கும் ஊர். கப்பலைப் பார்க்க வேண்டுமானால் வெகுதூரம் போக வேண்டும்.

இந்த ஊரிலிருந்து ஒரு குடும்பம் தீவு தீவாகச் சுற்றிப் பார்க்கப் புறப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்பா, அம்மா, பாட்டி, பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள். கையில் இருப்பது ஏழு நாள்.

"கடலைப் பார்க்கணும்னா நாகப்பட்டினம் போதாதாடா தம்பி?" என்று பாட்டி கேட்பார்.

நியாயமான கேள்விதான். ஆனால் கரையில் நின்று கடலைப் பார்ப்பது வேறு. ஒரு தீவில் தூங்கி, விடிந்ததும் படகேறி, அடுத்த தீவில் போய் இறங்குவது வேறு.

ஐரோப்பாவில் குரோஷியா என்று ஒரு சிறிய நாடு இருக்கிறது. அதன் கரையை ஒட்டி ஆயிரத்துக்கும் மேற்பட்ட தீவுகளும் திட்டுகளும் சிதறிக் கிடக்கின்றன. வெளிநாட்டார் அங்கே வந்து, பாய்மரப் படகை ஒரு வாரத்துக்கு வாடகை பேசுகிறார்கள். சனிக்கிழமை ஏறினால் அடுத்த சனிக்கிழமை இறங்குவது வழக்கம். நடுவில் தினம் ஒரு தீவு. இரவில் படகிலேயே படுக்கை.

நமக்கு எட்டும் தூரத்திலும் அப்படி ஓர் இடம் உண்டு. அதுதான் அந்தமான். அந்தமான் நிக்கோபார் பகுதியில் தீவு, திட்டு, பாறை எல்லாம் சேர்த்து 836 என்று அரசாங்கக் கணக்கு சொல்கிறது. மக்கள் நிலையாக வாழ்வது 31 தீவுகளில் மட்டுமே.

எறையூரும் கடலும்

எறையூர்க்காரர்களுக்குக் கடலோடு உறவே இல்லை என்று நினைத்துவிட வேண்டாம்.

பெரம்பலூர், அரியலூர் வட்டாரத்தின் பெரும்பகுதி பல கோடி ஆண்டுகளுக்கு முன் கடலுக்கு அடியில் இருந்தது. காரை கிராமத்துப் பக்கம் இன்றும் மண்ணில் கடல் உயிர்களின் சுவடுகள் கிடைக்கின்றன. சாத்தனூரில் ஒரு பெரிய மரம் அப்படியே கல்லாகிக் கிடக்கிறது. அதைப் புவியியல் அறிஞர் எம்.எஸ். கிருஷ்ணன் 1940-ல் உலகுக்கு அறிவித்தார்.

இன்னொரு உறவும் உண்டு. பக்கத்து மாவட்டமான அரியலூரில் கங்கைகொண்ட சோழபுரம் இருக்கிறது. அங்கிருந்து ஆண்ட முதலாம் ராஜேந்திர சோழன் 1025-ம் ஆண்டு வாக்கில் கடல் கடந்து படை அனுப்பினான். அவன் வென்ற இடங்களின் பட்டியல் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் இருக்கிறது. அதில் "மாநக்கவாரம்" என்று ஒரு பெயர் வருகிறது. அதுதான் இன்றைய நிக்கோபார்.

பிற்பாடு 13-ம் நூற்றாண்டின் கடைசியில் மார்க்கோ போலோ இந்தப் பக்கமாகப் போனார். பாண்டிய நாட்டுக் காயல் துறைமுகத்தைப் பற்றி எழுதியவர் அவர். அந்தமான் மக்களுக்கு நாய்த் தலை என்றும் எழுதிவைத்தார்! யாரோ சொன்னதைக் கேட்டு எழுதியிருக்க வேண்டும். குரோஷியாவில் கோர்ச்சுலா என்ற தீவில் உள்ளவர்கள், மார்க்கோ போலோ எங்கள் ஊரில் பிறந்தவர் என்று சொந்தம் கொண்டாடுகிறார்கள். வெனிஸ் நகரத்தார் அதை ஒப்புவதில்லை.

எந்த மாதம்?

முதலில் முடிவு செய்ய வேண்டியது இது.

ஜூன் முதல் செப்டம்பர் வரை அந்தமானில் தென்மேற்குப் பருவமழை. அதன் பிறகு டிசம்பர் வரை வங்கக் கடலில் புயல் காலம். ஜனவரி முதல் ஏப்ரல் வரை கடல் அடங்கியிருக்கும். எல்லோரும் போவது அப்போதுதான்.

ஆனால் கரும்பு போட்டவருக்கு ஜனவரியில் ஓய்வு ஏது? ஆலையில் அரைவை நடக்கும் காலம் அது. வெட்டு உத்தரவு என்று வரும், வெட்ட ஆள் என்று கிடைக்கும் என்று காத்திருக்க வேண்டிய நேரம். பிள்ளைகளுக்கும் பள்ளிக்கூடம் இருக்கும்.

ஆகவே எறையூர்க் குடும்பத்துக்கு ஏற்றது ஏப்ரல் கடைசி வாரம். வெட்டு பெரும்பாலும் முடிந்திருக்கும். பரீட்சையும் முடிந்துவிடும். அந்தமானில் மே மாதம் மூன்றாவது வாரத்தில்தான் பொதுவாக மழை இறங்கும். வெயில் கடுமையாக இருக்கும். பெரம்பலூர் வெயிலில் வளர்ந்தவர்களுக்கு அது ஒரு பொருட்டா?

கப்பலா, விமானமா?

சென்னைத் துறைமுகத்திலிருந்து அந்தமானுக்கு அரசாங்கக் கப்பல் போகிறது. தூரம் ஏறத்தாழ 1,190 கிலோமீட்டர். பயணம் இரண்டரை நாள் முதல் மூன்று நாள் வரை ஆகும். "பங்க்" வகுப்பில் கட்டணம் குறைவு.

கணக்குப் போட்டுப் பாருங்கள். போக மூன்று நாள், வர மூன்று நாள். ஏழில் மிச்சம் ஒன்று! அதோடு கப்பல் தினமும் கிடையாது. மாதத்தில் சில தடவைதான். பத்துப் பன்னிரண்டு நாள் ஒதுக்க முடிந்தவர்கள் ஒரு வழிக்கு மட்டும் கப்பலில் போகலாம். நான்கு பக்கமும் தண்ணீரைத் தவிர வேறொன்றும் தெரியாத அந்த அனுபவம் வேறு எதிலும் கிடைக்காது.

ஏழே நாள் என்றால் விமானம்தான். சென்னையில் ஏறினால் சுமார் இரண்டேகால் மணி நேரத்தில் இறங்கலாம். முந்தின இரவே எறையூரிலிருந்து கிளம்பி, திருச்சி - சென்னை நெடுஞ்சாலையில் பஸ் பிடித்தால், காலை விமானத்துக்குப் போய்விடலாம். மொத்தச் செலவில் பெரிய தொகை இந்த டிக்கெட்தான். மாதக் கணக்கில் முன்கூட்டியே வாங்கினால் கணிசமாக மிச்சமாகும்.

இறங்கும் ஊரை போர்ட் பிளேர் என்றே எல்லோரும் சொல்லிப் பழகியிருக்கிறார்கள். 2024 செப்டம்பரில் அதற்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றினார்கள். பெயர் மாறியதற்குச் சோழர் கடற்படையும் ஒரு காரணம். ஹாவ்லாக் தீவு, நீல் தீவு, ராஸ் தீவு மூன்றுக்கும் 2018 டிசம்பரிலேயே பெயர் மாறிவிட்டது. இப்போது அவை ஸ்வராஜ் தீவு, ஷாஹீத் தீவு, நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவு. டிக்கெட்டில் புதுப் பெயரைப் பார்த்து, வேறு ஊருக்கு ஏற்றிவிட்டார்களோ என்று பதற வேண்டாம்!

பாஷைக் கவலையும் வேண்டாம். 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி அங்கே நூற்றுக்கு 15 பேர் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள். ஸ்ரீ விஜயபுரத்தில் வெற்றிமலை முருகன் கோயில் இருக்கிறது. பாட்டிக்கு அது போதும்.

ஒரு நாள் கடலுக்கு!

இனிமேல்தான் முக்கியமான சங்கதி.

2016 டிசம்பர் முதல் வாரம். ஹாவ்லாக், நீல் தீவுகளில் சுற்றுலாப் பயணிகள் உல்லாசமாக இருந்தார்கள். கடலில் காற்றழுத்தம் உருவாயிற்று. காற்றும் மழையும் பிடித்துக்கொண்டன. படகுகளை நிறுத்திவிட்டார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் தீவுகளில் மாட்டிக்கொண்டார்கள். நாள் கணக்கில் காத்திருந்தார்கள். கடைசியில் கடற்படைக் கப்பல்களும், கடலோரக் காவல் படையும், ஹெலிகாப்டர்களும் போய் அவர்களை மீட்டு வந்தன. அந்தக் காற்றழுத்தம்தான் பிறகு வர்தா புயலாகி டிசம்பர் 12-ந் தேதி சென்னையைத் தாக்கியது.

இது பெரிய புயல். சாதாரணக் காற்றுக்கே ஒரு நாள், அரை நாள் படகை நிறுத்துவது உண்டு. அன்று விமான டிக்கெட் வைத்திருப்பவர் கதி என்ன? டிக்கெட் பணம் போச்சு! ஐந்து பேருக்கு மறுபடி டிக்கெட் வாங்க வேண்டும். ஒரு வெட்டுக் கரும்புப் பணத்தில் கணிசமான பங்கு அதிலேயே போய்விடும்.

குரோஷியக் கடலில் "பூரா" என்று ஒரு காற்று உண்டு. மலையிலிருந்து திடீரென்று கடல்மேல் இறங்கும். ஆகவேதான் சனிக்கிழமை காலையில் ஒப்படைக்க வேண்டிய வாடகைப் படகை, வெள்ளிக்கிழமை மாலையே துறைமுகத்துக்குக் கொண்டுவரச் சொல்கிறார்கள்.

நாமும் அதைத்தான் செய்ய வேண்டும். ஏழு நாள் இருந்தால் ஆறு நாளுக்கு மட்டும் திட்டம் போடுங்கள். ஒரு நாளைக் கடலுக்கு விட்டுவிடுங்கள். விமானம் ஏறும் நாளுக்கு முந்தின நாள் முழுவதும் ஸ்ரீ விஜயபுரத்தில் இருக்க வேண்டும். பயண ஏஜெண்டுகள் பலர் காலையில் தீவிலிருந்து படகு, மாலையில் விமானம் என்று எழுதித் தருவார்கள். ஒரு ராத்திரி ஓட்டல் வாடகை மிச்சம் என்பார்கள். அந்த மிச்சம் வேண்டாம்.

எது முதலில்?

பெரும்பாலோர் முதல் இரண்டு நாளை ஸ்ரீ விஜயபுரத்தில் கழித்துவிட்டு, பிறகு தீவுகளுக்குப் போகிறார்கள். இதைத் திருப்பிப் போடுவது நல்லது. படகில் போகவேண்டிய தீவுகள் முதலில். ஊருக்குள் பார்க்க வேண்டியவை கடைசியில்.

முதல் நாள் இறங்கியதும் ஓய்வு. இரண்டாம் நாள் காலை ஸ்வராஜ் தீவுக்குப் படகு. தனியார் விரைவுப் படகு ஒன்றரை மணி நேரத்தில் போகிறது. உள்ளே உட்கார்ந்து போகலாம். பாட்டிக்கு அது வசதி. அரசுப் படகில் இரண்டரை மணி ஆகும், கட்டணம் குறைவு. அதில் தீவுவாசிகளுக்கு முன்னுரிமை. நியாயந்தானே? நமக்கு அது உல்லாசம். அவர்களுக்கு அது டவுன் பஸ். எதில் போனாலும் ஒவ்வொருவருக்கும் அடையாள அட்டை வேண்டும்.

அன்று மாலை ராதாநகர் கடற்கரை. சூரியன் கடலில் இறங்குவதைக் காண ஊரே அங்கே கூடுகிறது. ஒன்றை மறக்கக் கூடாது. அந்தமான் நமக்குக் கிழக்கே வெகுதூரத்தில் இருக்கிறது. கடிகாரம் மட்டும் நம் கடிகாரம். அதனால் அங்கே சீக்கிரம் விடிந்து சீக்கிரம் இருட்டிவிடும். டிசம்பரில் மாலை ஐந்துக்கே பொழுது சாயும். ஏப்ரலில் சிறிது நேரம் கூடுதலாகக் கிடைக்கும். ஆறு மணிக்குச் சாவகாசமாகக் கிளம்பினால் இருட்டைத்தான் பார்க்கலாம்.

மூன்றாம் நாள் அங்கேயே. நான்காம் நாள் ஷாஹீத் தீவு.

எறையூர்க்காரர்களுக்கு மனத்துக்குப் பிடிக்கப்போவது இந்தச் சிறிய தீவுதான். கிழக்கு வங்காளத்திலிருந்து அகதிகளாக வந்தவர்களை அரசாங்கம் இங்கே குடியமர்த்தியது. அவர்கள் காட்டைத் திருத்திக் கழனியாக்கினார்கள். அந்தமானுக்குக் காய்கறி கொடுக்கும் தீவு என்று இதற்குப் பெயர். கிராமங்களின் பெயர்கள் ராமநகர், சீதாபூர், பரத்பூர், லட்சுமண்பூர். ராமாயணமே அங்கே குடியிருக்கிறது! கத்தரித் தோட்டத்தின் ஓரமாக நடந்துபோனால் திடீரென்று கடல் வந்துவிடும். கடல் அரித்து உண்டாக்கிய பாறைப் பாலம் ஒன்று இருக்கிறது. நீர் வற்றும் வேளையில் போனால்தான் அதன் அடிவரை நடக்கலாம். தங்கும் இடத்தில் கேட்டால் நேரம் சொல்வார்கள்.

ஐந்தாம் நாள் ஸ்ரீ விஜயபுரத்துக்குத் திரும்பிவிட வேண்டும். ஆறாம் நாள்தான் கடலுக்கு விட்ட நாள். படகு தாமதமானால் அது ஈடுகட்டும். தாமதமாகவில்லை என்றால் செல்லுலர் சிறை. 1896-ல் தொடங்கி 1906-ல் கட்டி முடித்தது. ஏழு சிறகுகளில் இன்று நிற்பவை மூன்று. ஒரு சிறகின் முன்பக்கம் அடுத்த சிறகின் பின்பக்கத்தைப் பார்க்கும். ஒரு கைதி இன்னொரு கைதியின் முகத்தைக் காண முடியாது. பிள்ளைகளை அங்கே அவசரப்படுத்தாமல் நிறுத்திக் காட்ட வேண்டும். மாலையில் ஒலி ஒளிக் காட்சியும் உண்டு.

பழைய சிவப்பு 20 ரூபாய் நோட்டு இருந்தால் கையோடு எடுத்துப் போகலாம். பின்பக்கம் உள்ள தென்னையும் கடலும் அந்தமானின் நார்த் பே காட்சிதான்.

காஞ்சிபுரத்தார் போன படகு

2014 ஜனவரி 26. ராஸ் தீவிலிருந்து நார்த் பே பக்கம் போன ஒரு சுற்றுலாப் படகு கவிழ்ந்தது. இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பெரும்பாலோர் காஞ்சிபுரத்திலிருந்து போனவர்கள். ஏற்ற வேண்டிய அளவுக்கு மேல் ஆட்களை ஏற்றியிருந்தார்கள்.

புயல் இல்லை. நடுக்கடலும் இல்லை. ஊர் கண்ணுக்குத் தெரியும் தூரம்.

படகில் கால் வைக்குமுன் ஆட்களை எண்ணுங்கள். எத்தனை பேரை ஏற்றலாம் என்று கேளுங்கள். உயிர் காக்கும் மேலங்கி ஆளுக்கொன்று இருக்கிறதா என்று பாருங்கள். பிள்ளைகளுக்குப் பிள்ளை அளவில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஏற வேண்டாம். "எல்லோரும் ஏறிவிட்டார்கள், நாம் மட்டும் ஏன்?" என்ற கூச்சம் வேண்டாம்.

சில்லறை விஷயங்கள்

படகில் தலைசுற்றல் வருவது சகஜம். எண்ணெய்ப் பலகாரம் வேண்டாம். இரண்டு இட்லி போதும். படகின் நடுப்பகுதியில் உட்கார்ந்து, தூரத்துக் கடல்கோட்டைப் பார்க்க வேண்டும். மாத்திரை போடுவதானால் டாக்டரைக் கேட்டு, ஏறுவதற்கு முன்பே போட வேண்டும். வாந்தி வந்தபின் போட்டுப் பயனில்லை.

அந்தமானில் உப்புநீர் முதலை உண்டு. 2010-ல் ராதாநகர் அருகே கடலில் இருந்த ஒரு வெளிநாட்டுப் பெண்ணை முதலை கொன்றது. எச்சரிக்கைப் பலகை உள்ள இடத்தில் இறங்கக் கூடாது.

பவளத்தை எடுத்து வருவது சட்டப்படி குற்றம். ஜாரவா பழங்குடியினர் வாழும் காட்டு வழியே போனால் அவர்களைப் படம் எடுப்பதும் குற்றம். உணவுப் பொட்டலம் வீசுவதும் கூடாது. அவர்கள் வேடிக்கைப் பொருள் அல்ல. சோழன் கல்வெட்டில் உள்ள நிக்கோபாரைப் பார்க்கலாமா என்றால், அது பழங்குடியினருக்கு ஒதுக்கிய பகுதி; தனி அனுமதி இல்லாமல் போக முடியாது.

சிறு தீவுகளில் கையில் ரொக்கம் வேண்டும்.

வீட்டில் மாடு இருந்தால், தண்ணீர் காட்டப் பக்கத்து வீட்டாரிடம் சொல்லிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். அப்போது ஏழு நாள் என்று சொல்லாமல் எட்டு நாள் என்று சொல்லி வைப்பது நல்லது.