மருத்துவர் மீது திரும்பும் பழைய கோபம்

உளஇயக்க சிகிச்சையின் உயிர்நாடி, உணர்ச்சி இடமாற்றம். பெற்றோரிடமும் பிறரிடமும் முன்பு எழுந்த பாசம், பயம், கோபம் எல்லாம் எதிரே இருக்கும் சிகிச்சையாளர் மீது திரும்பும்.

இதை ஃபிராய்ட் கோட்டைவிட்டது டோரா விஷயத்தில். 1900 அக்டோபரில் வியன்னாவில் அவரிடம் வந்த, 18 வயதை எட்டவிருந்த பெண். தீராத இருமல், அடிக்கடி குரல் அடைத்துப்போகும். குடும்ப நண்பர் ஒருவர் அத்துமீறியிருந்தார். ஃபிராய்டோ கனவுகளுக்குப் பொருள் சொல்வதில் மும்முரமாக இருந்தார். டிசம்பர் 31 அன்று டோரா சிகிச்சையை முறித்துக்கொண்டார். அந்த நண்பர் மீதிருந்த வஞ்சம் தன் பக்கம் திரும்பியதை உரிய நேரத்தில் கவனிக்கவில்லை என்று 1905இல் ஃபிராய்டே எழுதினார்.

இப்படித் தவறவிடாமலிருக்க, இன்றைய சிகிச்சையாளர்கள், நோயாளி தாமதமாக வந்தாலும் திடீரென மௌனமானாலும், “என் மேல் ஏதும் வருத்தமா?” என்று அங்கேயே கேட்டுவிடுகிறார்கள்.