வாசற்படியில் ஒரு கேள்வி

வீட்டுக்குக் கதவு வைப்பது இரண்டு காரியங்களுக்காக. வரத் தகாதவரைத் தடுப்பது ஒன்று. வர வேண்டியவருக்கு வழிவிடுவது மற்றொன்று. முதற் காரியத்தை மட்டும் செய்வதானால் சுவரே போதும். கணினி வழியாகவும் கைபேசி வழியாகவும் நாம் நுழைய வேண்டியிருக்கும் இடங்களில் இந்த இரண்டாவது காரியம் பெரும்பாலும் மறக்கப்பட்டுவிடுகிறது. நுழையுமுன் அங்கே ஒரு கேள்வி நம்மை எதிர்கொள்கிறது. கோணல் மாணலான எழுத்துக்களைப் படித்துச் சொல்லும்படி கேட்கிறது. அல்லது ஒன்பது சிறு படங்களைக் காட்டி, பேருந்து உள்ளவற்றைத் தொடும்படி சொல்கிறது. இக்கேள்வி ஏன் வந்தது, யாரைத் தடுக்கிறது, இதை எவ்வாறு கேட்பது நலம் என்பதைச் சற்று ஆராய்வோம்.

காவல் வேண்டும் என்பதில் ஐயமில்லை. பிற மாநிலங்களில் வாழும் நாம் பொங்கலுக்கோ தீபாவளிக்கோ ஊர் செல்ல முயலும்போது இதை நன்கு உணர்கிறோம். தத்கால் பயணச் சீட்டுக்கான பதிவு, பயணத்துக்கு முந்தைய நாள், குளிர்சாதன வகுப்புக்குக் காலை 10 மணிக்கும் மற்ற வகுப்புக்கு 11 மணிக்கும் தொடங்குகிறது. சில நிமிடங்களில் இடங்கள் தீர்ந்துவிடுகின்றன. பதிவு தொடங்கும் முதல் ஐந்து நிமிடங்களில் உள்ளே நுழைய நடைபெறும் முயற்சிகளில் பாதி வரை மனிதர் செய்தவையல்ல, தானியங்கி நிரல்கள் செய்தவை என்று 2025ஆம் ஆண்டில் ரயில்வே நிர்வாகம் தெரிவித்தது. அவ்வாண்டு ஜூலை முதல், ஆதார் மூலம் உறுதி செய்யப்பட்டவரே இணையத்தில் தத்கால் சீட்டுப் பெறலாம் என்ற விதியும் வந்தது. வாசலில் காவலன் இல்லையேல், வரிசையில் நிற்கும் மனிதருக்கு முன்னால் யந்திரம் புகுந்துவிடும்.

இக்காவலின் வரலாறு சுவையானது. எதிரே இருப்பது மனிதனா யந்திரமா என்பதைக் கேள்விகள் கேட்டு மனிதன் கண்டறிய முடியுமா என்ற பிரச்னையை ஆங்கிலக் கணித அறிஞர் ஆலன் டூரிங் 1950ஆம் ஆண்டில் எழுப்பினார். பிற்காலத்தில் இது தலைகீழாயிற்று. யந்திரமே கேள்வி கேட்டு, வந்திருப்பவன் மனிதன்தானா என்று சோதிக்கலாயிற்று. 1997இல் அல்டாவிஸ்டா என்ற தேடற் சாதனத்தை நடத்தியவர்கள், தங்களிடம் முகவரிகளை மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து கொட்டிய நிரல்களைத் தடுக்க, உருக்குலைந்த எழுத்துக்களைப் படிக்கச் சொன்னார்கள். அடுத்த சில ஆண்டுகளில் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இம்முறைக்குக் ‘கேப்ட்சா’ என்று பெயரிட்டு, 2003இல் அதன் தத்துவத்தை விளக்கி ஆய்வுரை வெளியிட்டனர். மங்கிய எழுத்தை மனிதக் கண் படித்துவிடும், யந்திரத்தால் படிக்க இயலாது என்பதே இதற்கு அடிப்படை.

அந்த அடிப்படை இன்று தளர்ந்துவிட்டது. மிகக் கடினமாக உருக்குலைத்த எழுத்துக்களையும் 100க்கு 99.8 என்ற அளவில் தன் யந்திரமே சரியாகப் படித்துவிடுகிறது என்று கூகுள் நிறுவனம் 2014இல் அறிவித்தது. யந்திரத்தால் முடியாதபோதும் வேறு வழி இருந்தது. கூலிக்கு ஆள் வைத்து விடையளிக்கச் செய்யும் வியாபாரத்தைக் சான் டியேகோவிலுள்ள கலிபோர்னியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2010இல் ஆராய்ந்தனர். ஆயிரம் விடைகள் ஒரு டாலர் அளவுக்கு மலிவாக விற்கப்பட்டன. விடையளித்தவர்கள் பெரும்பாலும் கூலி குறைந்த நாடுகளின் உழைப்பாளிகள். இன்றோ, பொது அறிவுக் கேள்வி எதைக் கேட்டாலும் நொடியில் விடை எழுதும் யந்திரங்கள் எங்கும் கிடைக்கின்றன. ஆகவே கேள்வியைக் கடினமாக்கிக்கொண்டே போவதால் யந்திரம் நிற்பதில்லை, மனிதன் நின்றுவிடுகிறான்.

எந்த மனிதன் நிற்கிறான் என்று பார்ப்போம். முதலில், கண்பார்வை அற்றவர். எழுத்தைப் பார்த்துப் படிக்கச் சொல்லும் சோதனை இவர்களை முற்றிலும் வெளியேற்றுகிறது என்று, வலைக்குப் பொது விதிகளை வகுக்கும் சர்வதேச அமைப்பு 2005இலேயே எச்சரித்தது. அடுத்து, வேறு நாட்டுத் தெருக்களை அறியாதவர். இப்படச் சோதனைகளில் அடிக்கடி வருவது, அமெரிக்க நடைபாதை ஓரத்தில் நிற்கும் குட்டையான தீயணைப்புக் குழாய். நம் ஊர்த் தெருவில் அதைப் பார்த்திராத மூதாட்டி எதைத் தொடுவார்?

மூன்றாவதாக நிற்பவர் தமிழரே. நம்மில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. தந்தை பெயரின் முதலெழுத்துத்தான் உண்டு. விண்ணப்பமோ குடும்பப் பெயரைக் கட்டாயமாகக் கேட்கிறது. ஓரெழுத்தை இட்டால், இது பொய்ப் பெயர் என்று கருதித் திருப்பி அனுப்பும் விண்ணப்பங்களும் உண்டு. போலிகளைத் தடுக்க வைத்த விதி, உண்மையான பெயரையே போலியாக்கிவிடுகிறது.

இதே தவறு நம் சொந்த வாசலிலும் நேரக்கூடும். வெளி மாநிலத் தமிழ்ச் சங்கங்களும் நூலகங்களும் இப்போது அங்கத்தினர் விண்ணப்பத்தைக் கைபேசி வழியே பெறுகின்றன. விளம்பர நிரல்கள் அங்கும் வந்து குவிகின்றன. தடுப்பதற்காகக் காரியதரிசி ஒரு கேள்வி வைக்கிறார்: “தை முதல் நாளில் நாம் கொண்டாடும் பண்டிகை எது? தமிழில் எழுதுக.” தமிழர்க்கு இதைவிட எளிய கேள்வி உண்டோ என்று நமக்குத் தோன்றும். ஆனால் கரோல் பாகிலோ மாதுங்காவிலோ பிறந்து வளர்ந்த ஒரு கல்லூரி மாணவி வீட்டில் தமிழ் பேசுகிறாள்; எழுதப் படிக்கத் தெரிந்தது தேவநாகரியும் ஆங்கிலமும் மட்டுமே. தமிழ் எழுத்தைக் கற்கத்தான் சங்கத்துக்கு வருகிறாள். எதைக் கற்க வந்தாளோ, அதையே வாசலில் கேட்டு அவளைத் திருப்பி அனுப்புகிறோம். அதே விண்ணப்பம் ஆங்கிலத்தில் மட்டும் இருந்தால், சென்ற மாதம் திருநெல்வேலியிலிருந்து வேலைக்கு வந்த தச்சர் திரும்பிப் போகிறார். யந்திரமோ இரண்டு மொழியிலும் தடையின்றி விடையெழுதி உள்ளே வந்துவிடுகிறது!

இவ்விடத்தில் ஒன்றைக் கருத்தில் கொள்ள வேண்டும். காவலில் நேரும் பிழைகள் இருவகை. உள்ளே வந்துவிட்ட போலி விளம்பரம் எல்லார் கண்ணிலும் படும். காரியதரிசிக்குப் புகார் வரும். மறுநாளே கேள்வி கடினமாக்கப்படும். வாசலோடு திரும்பிய மாணவியோ யார் கண்ணிலும் படுவதில்லை. அவள் புகாரும் எழுதமாட்டாள். எழுத அவளுக்கு இடமேது? காணும் பிழையை மட்டும் திருத்திக்கொண்டே போனால், காணாப் பிழை வளர்ந்துகொண்டே போகும். புதியவர் யாரும் வரவில்லையே, இளந்தலைமுறைக்குத் தமிழில் அக்கறையில்லையே என்று பிறகு ஆண்டுக் கூட்டத்தில் வருந்துவோம்.

இதற்கு உபாயங்கள் இல்லாமலில்லை. முதலாவது, கேள்வி வந்தவரின் கல்வியைச் சோதிக்கக் கூடாது. விடை அதே பக்கத்தில் கண்ணெதிரே இருக்கட்டும். “மேலே உள்ள அறிவிப்பில் நூலகம் திறக்கும் கிழமை எது?” என்று இரு எழுத்திலும் கேட்கலாம். ஆயிரக்கணக்கான வாசல்களை ஒரே சாவியால் திறக்க முயலும் மலிவான நிரல், ஒரு வாசலுக்கு மட்டும் உரிய சிறு கேள்வியிலேயே பெரும்பாலும் தடுமாறும். கேள்வியை அவ்வப்போது மாற்றிவிட்டால் இன்னும் நலம். விடையைத் தமிழில் எழுதினாலும் ஆங்கில எழுத்தில் எழுதினாலும், ஓரெழுத்துப் பிழையோடு எழுதினாலும் ஏற்க வேண்டும். பெயருக்கு ஒரே கட்டம் போதும். ஓரெழுத்தையும் அது ஏற்கட்டும்.

இரண்டாவது, சோதனையின் சுமை வருபவர்மேல் விழாதிருக்க வேண்டும். விண்ணப்பத்தில் கண்ணுக்குத் தெரியாத கட்டம் ஒன்றை வைப்பதுண்டு. மனிதர் அதைக் காண்பதில்லை. யந்திரம் எல்லாக் கட்டங்களையும் நிரப்பும் பழக்கத்தால் அதையும் நிரப்பித் தன்னைக் காட்டிக்கொடுக்கும். பார்வையற்றோருக்குப் பக்கத்தைப் படித்துக்காட்டும் கருவி அக்கட்டத்தையும் படிக்கக்கூடுமாதலால், ‘இதை நிரப்ப வேண்டாம்’ என்று அதில் குறித்திருத்தல் அவசியம். விண்ணப்பத்தை நிரப்ப ஆன நேரத்தையும் கணக்கிடலாம். பத்துக் கட்டங்களை ஒரே வினாடியில் நிரப்பும் மனிதர் இல்லை.

மூன்றாவது, திண்ணை. பழைய வீடுகளில் முன்பின் அறியாதவர் நேரே கூடத்துக்கு வருவதில்லை, தெருவிலும் நிற்பதில்லை. திண்ணையில் அமர்வார், தண்ணீர் கொடுத்து ஊர் பேர் விசாரிப்பார்கள். அங்கத்தினராக வருபவரையும் உடனே சேர்த்துக்கொண்டு, அவர் முதன்முதலில் எழுதும் செய்தியை மட்டும் ஒருவர் பார்த்தபின் மற்றவர்களுக்கு அனுப்பலாம். இதில் தாமதம் கூடாது. ஒரு நாளுக்குள் மறுமொழி செல்ல வேண்டும். விடை தவறினால் எது தவறு என்று கூறி, நிரப்பியதை அழிக்காமல் வைத்திருந்து, கேட்டறிய ஒரு தொலைபேசி எண்ணையும் தர வேண்டும்.

காவலின் அளவு பொருளின் மதிப்புக்கு ஏற்றதாக இருத்தல் வேண்டும். ரயில் இருக்கை எண்ணிக்கையில் குறைந்தது. அதைப் பறிப்பவருக்கு ஆதாயமும் மிகுதி. அங்கே ஆதார் கேட்பதில் நியாயம் உண்டு. சங்கத்தின் திருக்குறள் வகுப்பில் அமர அதைக் கேட்பது, வேலியைப் பயிரைவிடப் பெரிதாக வளர்ப்பதாகும்.

ஒரு கேள்வியை வாசலில் வைக்குமுன் அதை மூவரிடம் கொடுத்துப் பார்ப்போம்: எழுபது வயது முதியவர் ஒருவர், தமிழ் எழுத்தறியாத இளையவர் ஒருவர், ஊரிலிருந்து புதிதாக வந்த தொழிலாளர் ஒருவர். பக்கத்தில் இருந்து பார்ப்போமே தவிர, வாய் திறந்து உதவ வேண்டாம். மூவரும் தாமாகவே உள்ளே வந்துவிட்டால் கேள்வி சரியானது. ஒருவர் நின்றுவிட்டாலும் திருத்த வேண்டியது கேள்வியைத்தான்.