மேம்பாலத்தில் திணறும் மோட்டார் சைக்கிள்!
“ஓட்டை சைலன்சர்” மாட்டினால் இழுவை வருமா?

“வண்டி இழுக்கவே மாட்டேங்குதுண்ணே... ஏதாவது பண்ணுங்க!”

சென்னை புதுப்பேட்டையில் தொடங்கி, சந்து பொந்தில் உள்ள மெக்கானிக் கடை வரை தினமும் கேட்கும் புலம்பல் இது.

பின் சீட்டில் மனைவி. முன்னால் குழந்தை. கத்திப்பாரா மேம்பாலத்தில் பாதி ஏறியதுமே வண்டி மூச்சு வாங்குகிறது. பின்னால் மாநகர பஸ் ஹாரன் அடிக்கிறது. ஓட்டுகிறவருக்கு வியர்த்துக் கொட்டுகிறது.

இதற்கு வைத்தியம் என்று வாலிபர்கள் பலர் முதலில் செய்வது, சைலன்சரைக் கழற்றி வீசுவதுதான். அந்த இடத்தில் காது கிழியும் சத்தத்துடன் ஒரு திறந்த குழாய். கூடவே ஒரு பெரிய கார்ப்ரேட்டர். ஆயிரக்கணக்கில் பணம் காலி. ஆனால் மேம்பாலத்தில் வண்டி முன்பைவிட அதிகமாகத் திணறுகிறது! ஏன் இப்படி?

வேகம் வேறு, இழுவை வேறு

என்ஜின் தண்டை முறுக்கும் வலுவுக்குத்தான் “டார்க்” என்று பெயர். ஏற்றத்தில் வண்டியை இழுப்பது இதுதான். அந்த வலு எவ்வளவு வேகமாகச் சுழல்கிறது என்பதையும் சேர்த்துக் கணக்கிட்டால், அது குதிரை சக்தி.

1955-ம் ஆண்டு முதல் சென்னையில் உருவான புல்லட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். பழைய 350 என்ஜினில் சிலிண்டரின் அகலம் 70 மில்லி மீட்டர். பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 90 மில்லி மீட்டர். மெதுவாகச் சுற்றினாலும் இழுக்க வேண்டும் என்றே செய்த என்ஜின் அது. இப்போதைய 349 சி.சி. என்ஜினிலும் இழுவை உச்சத்துக்கு வருவது 4,000 சுற்றில். குதிரை சக்தி உச்சத்துக்கு வருவது 6,100 சுற்றில்தான். நகர நெரிசலில் 6,100 சுற்றில் யார் ஓட்டுகிறார்கள்?

பெரிய வாயால் வந்த வினை

பெரிய கார்ப்ரேட்டரில் காற்று போகும் வழி அகலம். என்ஜின் மெதுவாகச் சுற்றும்போது அந்த வழியில் காற்று சோம்பலாகத்தான் நகரும். பெட்ரோல் புகைபோலப் பிரியாமல் துளித் துளியாகப் போகும். எரிவது அரைகுறை. திறந்த குழாயும் அப்படியே. மேல் வேகத்தில் கொஞ்சம் லாபம் இருக்கலாம்; கீழ் வேகத்தில் நஷ்டம்.

1985 முதல் 1996 வரை வந்த ஆர்.எக்ஸ். 100 போன்ற டூ ஸ்ட்ரோக் வண்டிகளில் இந்த வினை இன்னும் மோசம். அவற்றில் சைலன்சரின் உள் வடிவம்தான், வெளியே ஓடப்பார்க்கும் புதுப் பெட்ரோல் கலவையைத் திரும்ப சிலிண்டருக்குள் தள்ளுகிறது. அதை வெட்டினால் கதை முடிந்தது! சிலிண்டரில் புகை போகும் வாசலை மேலே உயர்த்தி ராவினாலும், இழுவை மேல் சுற்றுக்கு ஓடிவிடும்.

முதலில் போன வலுவைத் தேடுங்கள்

பழைய வண்டி என்றால், புது சாமான் வாங்கும் முன் தேய்ந்ததைப் பார்க்க வேண்டும். கம்ப்ரெஷன் இருக்கிறதா? பிஸ்டன் ரிங் தேய்ந்ததா? வால்வு சரியாக உட்காருகிறதா? பிளக் பொறி நேரம் தவறாமல் அடிக்கிறதா? கிளட்ச் வழுக்குகிறதா? பிரேக் உரசுகிறதா? காற்று வடிகட்டியில் தூசியா? இவற்றைச் சரி செய்தாலே போன இழுவை பெருமளவு திரும்பிவிடும்.

அதற்குப் பிறகும் போதவில்லையா? இருக்கவே இருக்கிறது பல் சக்கரம். முன் சக்கரத்தில் 14 பல், பின் சக்கரத்தில் 42 பல் என்று வைத்துக்கொள்வோம். முன்னால் 13 பல் போட்டால், பின் டயருக்குப் போகும் இழுவை ஏறக்குறைய 8 சதவீதம் கூடும். என்ஜினைத் தொடவே வேண்டாம். ஆனால் சும்மா வராது. முன்பு 80 கிலோ மீட்டர் வேகத்தில் ஓடிய அதே சுற்றில் இப்போது 74 கிலோ மீட்டர்தான். மைலேஜும் குறையும்.

ஜெயில் வரை போகும்!

சிலிண்டரைக் கடைந்து பெரிய பிஸ்டன் போட்டால் இழுவை கூடும் என்பது உண்மை. கம்ப்ரெஷனை ஏற்றினாலும் கூடும். ஆனால் அளவு மீறினால் சூடு ஏறி, என்ஜின் “டிக் டிக்” என்று தட்டும். அப்படியே ஓட்டினால் பிஸ்டனில் ஓட்டை விழும்.

சட்டமும் சும்மா விடாது. கம்பெனி கொடுத்த அமைப்பை இஷ்டத்துக்கு மாற்ற மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு தடை போடுகிறது. 2019-ல் வந்த திருத்தத்தின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5 ஆயிரம் ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை ஜெயில், அல்லது இரண்டுமே கிடைக்கும்.

ஆகவே வாலிபர்களே! பர்சைத் திறக்கும் முன், கம்ப்ரெஷனைப் பாருங்கள். அடுத்தது பல் சக்கரம். சைலன்சர் பக்கம் கையே வைக்காதீர்கள்.

சத்தம் போடுகிற வண்டி எல்லாம் மேடு ஏறிவிடாது!