நடந்து படிக்கும் கோயில்

கோயிலுக்குச் செல்வோர் வாயிலைக் கடந்து, மண்டபங்கள் வழியே கருவறையை அடைவது வழக்கம். உள்ளே நுழைவதற்கு மண்டபமோ கருவறையோ இல்லாத பெருங்கோயில் ஒன்று இந்தோனேசியாவில் உள்ளது. சாவா தீவின் நடுப்பகுதியில், எரிமலைகள் சூழ்ந்த சமவெளியில் எழுந்து நிற்கும் போரோபுதூர் என்னும் பௌத்தக் கோயிலே அது. மணிமேகலைக் காப்பியம் குறிப்பிடும் சாவக நாடு இத்தீவே என்று அறிஞர் பலர் கருதுவர்.

கல்லால் அமைந்த மலை

சைலேந்திர மரபினர் ஆட்சியில், கி.பி. 8, 9ஆம் நூற்றாண்டுகளில் இக்கோயில் எழுப்பப்பட்டது. இயற்கையான குன்றொன்றின்மீது எரிமலைப் பாறைக் கற்களைச் சாந்தின்றி அடுக்கிக் கட்டியுள்ளனர். அடித்தளத்தின்மேல் ஐந்து சதுரத் தளங்களும், அவற்றின்மேல் மூன்று வட்டத் தளங்களும், உச்சியில் ஒரு பெருந்தூபியும் உள்ளன. வட்டத் தளங்களில் துளைகளிட்ட 72 தூபிகள் அப்பெருந்தூபியைச் சூழ்ந்துள்ளன. ஒவ்வொன்றின் உள்ளும் ஒரு புத்தர் சிலை வீற்றிருக்கிறது.

நடையே வழிபாடு

கிழக்குப் படிக்கட்டில் ஏறி, கோயில் தமக்கு வலப்புறம் இருக்குமாறு வலம்வருவதே மரபு. சதுரத் தளங்களின் திருச்சுற்றுகளில் இருபுறமும் சுவர்கள் உயர்ந்திருப்பதால், அங்கு நடப்பவருக்கு உச்சி தென்படுவதில்லை. அடுத்த சிற்பமே கண்ணில் படும். முதல் திருச்சுற்றின் நான்கு சிற்ப வரிசைகளையும் முறையாகக் காண நான்கு முறை வலம்வர வேண்டும். விரைபவருக்கு இக்கோயில் வெறும் படிக்கட்டு. பொறுமையுடன் நடப்பவருக்கே அது நூலாக விரியும்.

புத்தரின் வரலாறு, அவருடைய முற்பிறவிக் கதைகள் ஆகியவற்றோடு, சுதனன் என்னும் இளைஞனின் பயணமும் இங்குப் புடைப்புச் சிற்பங்களாகச் செதுக்கப்பட்டுள்ளது. மெய்யறிவு தேடிப் புறப்பட்ட அவன், துறவியர், வணிகர், மாலுமி, சிறுவன் எனப் பலரிடமும் பாடம் கேட்கிறான். ஒவ்வொருவரும் தாம் அறிந்ததைக் கூறி, அடுத்த ஆசிரியரிடம் அவனை அனுப்புகின்றனர். பயணியின் கதையைப் பயணியே நடந்து படிக்கிறான் என்பது இக்கோயிலின் தனிச்சிறப்பு.

வட்டத் தளங்களை அடைந்ததும் காட்சி மாறுகிறது. அங்குக் கதைச் சிற்பங்கள் இல்லை. பார்வையை மறைக்கும் சுவர்களும் இல்லை. திறந்த வானமும் தூபிகளும் தொலைவில் மலைகளுமே தெரிகின்றன. ஆசைகள் நிறைந்த உலகிலிருந்து உருவமற்ற நிலைக்கு உயர்வதையே இவ்வமைப்பு உணர்த்துகிறது என்பர்.

தேயும் கற்கள்

மழைநீர் உட்புகுந்து நலிந்த இக்கோயிலை, யுனெஸ்கோவின் துணையுடன் 1975 முதல் 1982 வரை இந்தோனேசிய அரசு சீரமைத்தது. கற்களைப் பிரித்தெடுத்துத் தூய்மை செய்து, நீர் வடிய வழியமைத்து மீண்டும் அடுக்கினர். 1991இல் இது உலக மரபுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. ஆயினும், காண வருவோரின் காலடிகளாலேயே படிக்கற்கள் தேய்ந்து வருகின்றன. தூபியின் துளைவழியே கைநீட்டிப் புத்தர் சிலையைத் தொட்டால் நற்பேறு கிட்டும் என்னும் நம்பிக்கையும் சிலைகளுக்குத் தீங்கானது. ஆகவே, அண்மை ஆண்டுகளில் மேலேறுவோரின் எண்ணிக்கைக்கு வரம்பு விதித்ததோடு, கல்லைத் தேய்க்காத மென்மையான காலணிகளையும் வழங்கி வருகின்றனர்.

விருந்தினரின் கடமை

இசுலாமியர் பெரும்பான்மையாக வாழும் இந்நாட்டில் வைசாக நாள் தேசிய விடுமுறையாகும். அந்நாளில் பௌத்தர்கள் மெந்துத் கோயிலிலிருந்து பாவோன் கோயில் வழியாகப் போரோபுதூருக்கு ஊர்வலமாக வருகின்றனர். எனவே, இது வெறும் காட்சிக்கூடமன்று. பிறர் கைகூப்பும் இடம். சிற்பங்களின்மீது சாயாமை, தூபிகளில் ஏறாமை, வழிபடுவோரின் அமைதியைக் குலைக்காமை ஆகியன எச்சமயத்தைச் சார்ந்த பயணிக்கும் உரிய கடமைகள். சுதனனை ஆசிரியர்கள் ஒருவர்பின் ஒருவராக வழியனுப்பியதுபோல, நாம் படித்த கல்லைக் குறைவின்றி அடுத்து வருபவரிடம் ஒப்படைத்துத் திரும்புவோம்.