துப்பாக்கி சுடும் தளத்தில் எந்தக் குண்டுக்கு அனுமதி? ஏன் இவ்வளவு கட்டுப்பாடு?

2021 டிசம்பர் 30. புதுக்கோட்டை மாவட்டம் நார்த்தாமலையில் பாதுகாப்புப் படையினர் பயிற்சி எடுத்த தளத்துக்கு வெளியே, தாத்தா வீட்டில் இருந்த 11 வயது சிறுவனின் தலையில் குண்டு பாய்ந்தது. ஜனவரி 3-ல் உயிரிழந்தான். தளத்தைத் தாண்டிப் போகும் குண்டு என்ன செய்யும்னு தமிழ்நாடு பார்த்தது அன்றுதான்.

ஆவடி, கும்மிடிப்பூண்டி மாதிரி தொழிற்சாலையும் வீடுகளும் நெருக்கமா இருக்கிற திருவள்ளூர் மாவட்டத்தில் இருந்து ரைஃபிள் கிளப்பில் சேரப் போறீங்களா? இதைத் தெரிஞ்சுக்கோங்க.

எதற்கு எது?

* 10 மீட்டர் ஏர் ரைஃபிள், ஏர் பிஸ்டல்: 4.5 மி.மீ. பெல்லட்
* 50 மீட்டர் ரைஃபிள்: 5.6 மி.மீ., அதாவது 'பாயின்ட் டூ டூ' தோட்டா
* டிராப், ஸ்கீட்: 12 போர் தோட்டா, உள்ளே 24 கிராம் ஈயச் சிதறல்

ஏன் ஈயம்?

ஈயம் மென்மையானது. தடுப்பில் பட்டதும் நசுங்கிவிடும். உள்ளே எஃகு வைத்த குண்டு தகட்டைச் சேதப்படுத்தும், தெறித்துத் திரும்பியும் வரலாம்.

துப்பாக்கிக்குப் பொருந்தினால் போதுமா?

போதாது. அந்தத் தளத்தின் தடுப்புச் சுவர் தாங்கணும். உரிமத்திலும் அந்தத் தோட்டா இருக்கணும். வாங்கும் முன்பே தளப் பொறுப்பாளரிடம் பெட்டியில் உள்ள விவரத்தைச் சொல்லிக் கேளுங்க.